எல்லாரும் தானம் கொடுத்த புளியமரம்

"மரத்தைப் பத்திப் படிச்சு உன் பொண்ணு என்னா செய்யப் போவுது, விறகு ஒடைக்கவா?"

எங்கள் ரப்பர் தோட்டத்தில் கணக்கு எழுதும் கிராணியார் அப்பாவிடம் இப்படிக் கேட்டபோது சம்பள வரிசை முழுவதும் சிரித்தது. அப்பாவும் சிரித்தார். சம்பளம் கொடுப்பவர் வேடிக்கையாகப் பேசினால் சிரிக்காமல் இருப்பது மலாயாத் தோட்டங்களில் வழக்கமில்லை. ஆனால் வீட்டுக்கு வந்ததும் அவர் செய்த காரியம் வேறு. இந்தியா எந்தத் திசையில் இருக்கிறது என்று தெரியாமல், எதிரே நின்ற பால்மரத்தையே பார்த்துக் கும்பிட்டு, "அண்ணாமலையாரே, என் பொண்ணு பாஸாயிட்டா உன் மலை சுத்துற பாதையில ஒரு மரம் வெச்சு ஆளாக்கறேன்" என்று வேண்டிக்கொண்டார்.

நான் பாஸானேன். காட்டு இலாகா ஆபீஸில், வெட்டிய மரங்களை அளந்து எழுதும் பிரிவில் வேலையும் கிடைத்தது. எங்கள் வம்சத்தில் கைநாட்டு வைக்காத முதல் ஆள் நான். இப்போது கிராணியார் என்னைக் கண்டால் "வாங்க மிஸ்" என்கிறார். அந்தச் சமயங்களில் நான் சற்று மெதுவாகவே நடப்பேன்.

அப்பாவின் முழங்கால் கப்பல் ஏறச் சம்மதிக்கவில்லை. அதனால் வேண்டுதல் என் தலையில் விழுந்தது. புறப்படும்போது அவர் சொன்னது ஒன்றுதான்: "நட்டுட்டு ஓடியாந்துடாதே. அதோட நெழல்ல ஒரு ஆளு வந்து ஒக்காரணும். அப்பத்தான் வேண்டுதல் தீரும்." என் விடுப்பில் ஒரு மரம் நிழல் தராது என்று எனக்குத் தெரியும். அப்பாவுக்கும் தெரியும். இருவரும் அதைப் பேசிக்கொள்ளவில்லை.

முதல் நாள் பஸ்ஸிலேயே இந்த நாட்டில் விறகுக்கு உள்ள மரியாதையைக் கண்டேன். போளூர் தாண்டி ஓரிடத்தில் பெரியவர் ஒருவர் ஒதுங்கப் போயிருந்தார். அவர் வருவதற்குள் பஸ் கிளம்பிவிட்டது. நான் கத்தினேன். "அடுத்த பஸ்ல வந்துடுவாரும்மா" என்றார் கண்டக்டர். கொஞ்ச தூரம் போனதும் பஸ்ஸின் உச்சியிலிருந்து ஒரு விறகுக்கட்டு உருண்டு விழுந்தது. டிரைவர் பிரேக் போட்ட வேகத்தில் என் நெற்றி முன் சீட்டில் மோதியது. கண்டக்டர் இறங்கி ஓடினார்.

பக்கத்தில் வெற்றிலை மென்றுகொண்டிருந்த அம்மாள் எனக்கு விளக்கினாள்: "மனுசன் பின்னாடியே வந்துடுவான் கண்ணு. வெறகு வருமா?"

பிறகு ரேடியேட்டர் கொதித்தது. எல்லாரும் இறங்கினோம். சாலையோரம் நெடுக மரங்களின் அடிக்கட்டைகள் மட்டும் இருந்தன. உட்கார வசதியாக வெட்டியிருந்தார்கள். நிழல்தான் இல்லை. ஆகவே பஸ்ஸின் நிழலில் நின்றோம். சூரியன் நகர நகர நாங்களும் பஸ்ஸைச் சுற்றிப் பக்கம் மாறினோம். மலை சுற்றுவதற்கு நல்ல ஒத்திகை.

அண்ணாமலையார் ஊரில் இறங்கி ஓட்டல் ஒன்றில் இட்லி தின்றேன். சாம்பார் பிரமாதம். காப்பி அதைவிடப் பிரமாதம். எங்கள் பக்கத்துக் கோப்பியைக் கறுப்புத் தண்ணீர் என்று அன்றே ஒப்புக்கொண்டேன். இட்லி மட்டும் மெலிந்திருந்தது. கேட்டதற்கு முதலாளி வெட்கப்படாமல் சொன்னார்: "வெறகு வெலை ஜாஸ்தி ஆயிடுச்சும்மா. அதான் இட்லி கொஞ்சம் எளைச்சிட்டுது."

கீழ்பென்னாத்தூரில் சித்தப்பா வீட்டில் தங்கினேன். அப்பாவின் தம்பி. நிலக்கடலைக்காரர், அதை அவர் மல்லாட்டை என்கிறார். கேழ்வரகுக் களியும் மல்லாட்டைச் சட்னியும் போட்டார்கள். களியை மெல்லாமல் விழுங்க வேண்டும் என்று எனக்குச் சொல்லித் தர வேண்டியிருந்தது. சாப்பிட்டுக் கை கழுவ வாளியைக் கிணற்றில் விட்டேன். பாதி வாளி சேறு வந்தது.

"மழை கம்மி பாப்பா" என்றார் சித்தப்பா.

கிணற்றுமேட்டில் நின்று பார்த்தால் ஊருக்குப் பின்னால் ஒரு குன்று. அதில் ஒரு செடி இல்லை. முன்பெல்லாம் மழை பெய்தால் மாதக்கணக்கில் குன்றிலிருந்து ஏரிக்குத் தண்ணீர் கசிந்து வருமாம். இப்போது ஒரே நாளில் எல்லாம் இறங்கி வந்துவிடுகிறது, மண்ணையும் கூட்டிக்கொண்டு. ஏரியில் பாதி மண். யார் குன்றை இப்படி ஆக்கியது என்று கேட்டேன்.

"யாரு ஆக்குனாங்க? வயலுக்குத் தழை வேணும்னு நானும் ரெண்டு வண்டி கொண்டாந்தேன். நான் ஒருத்தன் எடுத்தாவா கொறைஞ்சிடப் போவுது?"

அடுத்த வீட்டுக்காரரைக் கேட்டேன். அவரும் ஒருத்தர்தானாம். அந்த ஊர் முழுவதும் ஒருத்தர் ஒருத்தராகவே வாழ்கிறார்கள்.

மறுநாள் சித்தப்பாவும் நானும் மலை சுற்றும் பாதைக்குப் போனோம். செங்கம் சாலையில் ஆசிரமத்துப் பக்கம் ஒரு வெள்ளைக்கார அம்மாள், காவிப் புடவை, காலில் செருப்பில்லை, மலையையே பார்த்துக்கொண்டு நின்றாள். பக்கத்தில் வெள்ளை வேட்டியும் பளபளக்கும் மூக்குக்கண்ணாடியுமாக ஒருவர். அந்த அம்மாள் ஆங்கிலத்தில், இவ்வளவு புனிதமான மலையில் ஏன் மரமே இல்லை என்று கேட்டாள். மூக்குக்கண்ணாடிக்கு அது புரியவில்லை. நான் தமிழில் சொன்னேன். அவர் ஒரு நிமிடம்கூட யோசிக்கவில்லை.

"மலைதான் சாமின்னு சொல்லுங்க. மரம் சாமியோட முடி. முடி எறக்குனா புண்ணியந்தானேங்க?"

நான் அதை அப்படியே மொழிபெயர்த்தேன். அந்த அம்மாள் கண்ணை மூடி இரண்டு கையும் கூப்பினாள். இப்படித்தான் ஞானம் கடல் தாண்டிப் போகிறது.

அவர் பெயர் சுந்தரம். சுற்றுவழியில் யாத்திரை வருகிறவர்களுக்கு வழி காட்டுவதிலிருந்து வேண்டுதல் தீர்த்து வைப்பது வரை எல்லாம் செய்கிறவர். சித்தப்பா எங்கள் விஷயத்தைச் சொன்னதும் அவர் முகம் மலர்ந்தது. "மரந்தானே? வாங்க, ரெடியாவே இருக்குது" என்று அழைத்துப் போனார்.

பாதை ஓரத்தில் ஒரு பெரிய புளியமரம். நான் அளப்பவள், கண்ணாலேயே அளந்துவிட்டேன். மூன்று ஆள் கை கோர்க்க வேண்டிய சுற்றளவு. அடிமரம் முழுக்கக் குங்குமம், மஞ்சள் துணி. அங்கே ஒரு சேலத்துக் குடும்பம் ஏற்கெனவே காத்திருந்தது. சுந்தரம் அவர்கள் பெயர், நட்சத்திரம் கேட்டார். மஞ்சள் துணியை மரத்தில் கட்டினார். ஒரு சொம்பு தண்ணீரை வேரில் விட்டு, தேங்காய் உடைத்து, "இந்த மரத்தை அண்ணாமலையாருக்குத் தானமாக் குடுத்தோம்னு மூணு தரம் சொல்லுங்க" என்றார். சொன்னார்கள். கும்பிட்டார்கள். போய்விட்டார்கள். அவர்கள் தலை மறைந்ததும் சுந்தரம் துணியை அவிழ்த்து உதறி மடித்துக்கொண்டு என் பக்கம் திரும்பினார்.

"நீங்க வாங்கம்மா. பேரு, நட்சத்திரம்?"

"இது இப்போ அவங்க குடுத்த மரம் இல்லையா?"

"ஆமா."

"அதையே நான் எப்படிக் குடுக்கறது?"

சுந்தரம் என்னைப் பரிதாபமாகப் பார்த்தார். "கோதானம் பாத்திருக்கீங்களா? ஒரே மாட்டை ஊரே தானம் குடுக்கலையா? மாட்டுக்கு ஒரு நியாயம், மரத்துக்கு ஒரு நியாயமா?"

"சரியாத்தான் கேக்கறாரு. முடிச்சிக்கினு கெளம்பலாம் பாப்பா. பொழுதோட ஊடு போய்ச் சேந்துடலாம்" என்றார் சித்தப்பா.

நான் கன்றுதான் நடுவேன், அதுவும் புதிதாக என்றேன். என் அப்பா காலமெல்லாம் நிற்கும் மரத்திடம் கூலி வாங்குபவர், பொய் மரத்துக்கு ஒப்ப மாட்டார் என்றேன். சுந்தரம் கோபித்துக்கொள்ளவில்லை.

"தாராளமா நடுங்க. உங்களுக்கு முன்னாடி நட்டவங்களைப் பாக்கறீங்களா?" என்று கையை நீட்டினார். பாதையோரம் நெடுக முள்வேலி வளையங்கள். ஒவ்வொன்றுக்கும் நடுவில் ஒரு காய்ந்த குச்சி. ஒன்றில் ஆடு ஒன்று முன்னங்காலைத் தூக்கி வைத்துக்கொண்டு குச்சியையும் ருசி பார்த்துக்கொண்டிருந்தது. "நடறதுக்கு எல்லாரும் வர்றாங்க. தண்ணி ஊத்தறதுக்கு யாரும் வர்றதில்ல. இது ஒண்ணுதான் நிக்குது. ஏன் தெரியுமா? இதை வெச்சுதான் நான் சோறு துன்றேன். எவனாவது ஒரு கெளையை ஒடிச்சா சும்மா வுட்டுடுவேனா?"

எங்கள் ஆபீஸில் ஒரு மரத்துக்கு எண் கிடைப்பது அது விழுந்த பிறகுதான். எத்தனை அடி, எவ்வளவு டன், எந்தக் கப்பல் என்று எல்லாம் எழுதுவோம். நிற்கும் மரத்துக்கு எங்கள் படிவங்களில் கட்டம் கிடையாது. இந்தப் பளபளப்புக் கண்ணாடிக்காரர் நிற்கும் மரத்துக்கு விலை கண்டுபிடித்து வைத்திருந்தார். என் அப்பா மரத்திலிருந்து பால் எடுத்தார், இவர் புண்ணியம் எடுத்தார். எனக்கு எரிச்சல் எரிச்சலாக வந்தது.

கிளம்பும்போதுதான் மரத்தின் பின்பக்கத்தைப் பார்த்தேன். வெள்ளைச் சுண்ணாம்பில் ஓர் எண். எனக்கு நன்றாகப் பழக்கமான அடையாளம் அது, ஆனால் விழுந்த மரங்களில்தான் பார்த்திருக்கிறேன்.

மூன்றாம் நாள் கன்று கேட்டு, அங்கே வருடந்தோறும் சர்க்கார் நடத்தும் மரம் நடுவிழாவின் கமிட்டி ஆபீஸுக்குப் போனேன். அங்கிருந்த அதிகாரி வயதுக்கு மீறிய களைப்பில் இருந்தார். "விழா அன்னிக்குத்தான் கன்னு. முன்னாடி குடுத்துட்டா மந்திரி வந்து எதை நடுவாரு?" என்றார். அந்தப் புளியமரத்தின் எண்ணைப் பற்றிக் கேட்டேன்.

"நாளைக்கு ஏலம்" என்றார். "இந்த வருசம் பட்ஜெட்டு கம்மி. ஷாமியானா, ஒலிபெருக்கி, மாலை, டிபன் எல்லாத்துக்கும் எங்க போறது? அதான் சுத்துவழியில சில பழைய மரத்துக்கு நம்பர் போட்டிருக்கோம். மொதல்ல அது. பத்தலைன்னா அடுத்தது."

நான் சரியாகப் புரிந்துகொண்டேனா என்று மறுபடி கேட்டேன். "மரம் நடற விழாவுக்காக மரத்தை வெட்டறீங்களா?"

"வெட்டுனாதானேம்மா நட முடியும்?" என்றார். அவர் கேலி செய்யவில்லை.

அன்று மாலை சித்தப்பாவின் கிணற்றுமேட்டில் ஒரு புங்கங்கன்றைப் பார்த்தேன். தானாக முளைத்தது, முழங்கால் உயரம். கமிட்டியின் தயவு இல்லாமல் வேர் மண்ணோடு பெயர்த்துத் தரும்படி சித்தப்பாவிடம் கேட்டேன். முணுமுணுத்துக்கொண்டே பெயர்த்தார். ஆடிக் காற்றில், அந்த வெயிலில், வெட்டவெளியில் வைத்தால் இதுவும் இன்னொரு குச்சிதான். புளியமரத்தின் ஓரத்து நிழலும், அதைக் காவல் காக்கும் ஆளும் இருந்தால் பிழைக்கும். அப்பாவின் வேண்டுதல் இப்போது ஓர் ஏலத்தில் தொங்கிக்கொண்டிருந்தது.

நான்காம் நாள் ஏலம் அந்த மரத்தடியிலேயே நடந்தது. வேறு எங்கே நடத்துவார்கள்? அந்தப் பாதையில் அங்கேதான் நிழல். அதிகாரி நாற்காலி போட்டு உட்கார்ந்தார். விறகுமண்டிக்காரர், செங்கல் சூளைக்காரர், வேடிக்கை பார்க்கிறவர்கள், முன்பணத்துக்காக வந்த ஷாமியானாக்காரர் எல்லாரும் நிழலுக்குள் நெருக்கிக்கொண்டு நின்றார்கள். ஓர் அங்குலம் வெயிலில் நிற்க ஒருவரும் தயாராக இல்லை.

அதிகாரி விவரம் வாசித்தார்: அடிமரம் இவ்வளவு, கிளை இவ்வளவு, விறகு உத்தேசம் இவ்வளவு. நான் கை தூக்கினேன்.

"நிழலுக்கு என்ன போட்டிருக்கீங்க?"

"நெழலுக்கு எதுக்கும்மா வெலை?"

"அப்போ வெளியே வந்து நின்னு ஏலம் விடுங்க."

நாலு பேர் சிரித்தார்கள். அதிகாரி நாற்காலியை இன்னும் கொஞ்சம் மரத்தை ஒட்டி இழுத்துப் போட்டுக்கொண்டார். "மலாயாக்காரம்மா பேசட்டும், நாம ஆரம்பிக்கலாம்" என்றார் விறகுமண்டிக்காரர். அடிமரத்தை மாட்டைத் தட்டுவதுபோல் தட்டி, தொகை சொல்ல வாயைத் திறந்தார்.

அப்போது சுந்தரம் மரத்தின் பின்னாலிருந்து வந்தார். முகம் வெளிறியிருந்தது. முதல்முறையாக மூக்குக்கண்ணாடி இல்லை.

"மண்டிக்காரரே, உங்க பையன் பொறந்தப்ப இங்கதான் தேங்கா ஒடைச்சீங்க. ஞாபகம் இருக்குதா?"

"ஆமா. ஒரு மரம் தானம் குடுத்தேன்."

"இந்த மரந்தான்."

விறகுமண்டிக்காரரின் கை அடிமரத்திலிருந்து தானாக இறங்கியது. அவர் நெற்றியில் பட்டை பட்டையாகத் திருநீறு. தானம் கொடுத்ததைத் திரும்ப எடுத்தால் என்ன ஆகும் என்று அவருக்கு யாரும் சொல்ல வேண்டியதில்லை. அதுவும் பிள்ளை பெயரில் கொடுத்தது.

செங்கல் சூளைக்காரர் விழுந்து விழுந்து சிரித்தார். "சாமிக்குக் குடுத்துட்டு சூடாறதுக்குள்ள வெறகு கேக்கறாரு பாரு!"

"நீங்க ஏன் சிரிக்கிறீங்க?" என்றார் சுந்தரம். "உங்க வூட்டம்மா போன ஆவணியில குடுத்துட்டுப் போனதும் இதுதான்."

சிரிப்பு நின்றது. இருவரும் ஒருவரை ஒருவர் பார்த்தார்கள். பிறகு இருவரும் ஒரே சமயத்தில் விஷயம் விளங்கிச் சுந்தரம் பக்கம் திரும்பினார்கள்.

"டேய், என் மரத்தையாடா இவனுக்கு வித்தே?"

"அவரு மரத்தையாடா எனக்குக் குடுத்தே?"

"நீங்க குடுத்தது சாமிக்கு" என்றார் சுந்தரம், மரத்தில் முதுகை ஒட்டிக்கொண்டு. "வாங்கிக்கினவரு கணக்கு கேக்கல. குடுத்தவங்களுக்கு இன்னா வந்துது? அடிக்கறதா இருந்தா அடிங்க. ஆனா கோடாலி போடறவன் பேரைச் சொல்லிட்டுப் போடட்டும்."

அடிக்க யாரும் வரவில்லை. கூட்டத்தில் ஒவ்வொருவராக ஓர் அடி பின்வாங்கினார்கள். கல்யாணம், பிரசவம், கோர்ட்டு வழக்கு என்று அந்த மரத்தடியில் தேங்காய் உடைக்காதவர் அங்கே இல்லை போலிருக்கிறது. பின்வாங்கியவர்கள் வெயிலுக்கே போய்விட்டார்கள். அதிகாரி ஆவலோடு ஒவ்வொரு முகமாகப் பார்த்தார். சுந்தரம் அவரை மட்டும் ஒன்றும் சொல்லவில்லை. "அம்மா சௌக்கியங்களா?" என்று மரியாதையாகக் கேட்டார். அதிகாரி தரையைப் பார்த்துக்கொண்டார்.

"சார், என் அட்வான்சு" என்றார் ஷாமியானாக்காரர்.

அந்த வட்டத்தில் அந்த மரத்தைத் தானம் கொடுக்க மறுத்த ஒரே ஆள் நான். பிடிவாதம் இவ்வளவு சீக்கிரம் பலன் தரும் என்று நான் எதிர்பார்க்கவில்லை. ஒரு தொகை சொன்னேன். என் கைக்கடிகாரத்தின் விலையைவிடக் குறைவு. எதிர்த்துக் கேட்க ஆளில்லை. ஒரு தரம், இரண்டு தரம் என்று அதிகாரி இழுத்து இழுத்துப் பார்த்தார். மூன்றாம் தரத்துக்கு ஷாமியானாக்காரரே அவசரப்படுத்தினார்.

"வூட்டு ஆம்பளை யாரும்மா? கையெழுத்து வேணும்" என்றார் அதிகாரி.

சித்தப்பா கட்டைவிரலைத் துடைத்துக்கொண்டு முன்னால் வந்தார். நான் அவரைத் தாண்டிப் போய் என் முழுப்பெயரையும் எழுதினேன், தகப்பன் பெயரோடு. அழகாகவே எழுதினேன்.

"எப்ப வெட்டுவீங்க?"

"எப்ப வெட்டணும்னு போட்டிருக்குது?"

அதிகாரி தாளைத் திருப்பிப் பார்த்தார். அந்தக் கேள்வி யாருக்கும் தோன்றியதில்லை. வாங்கியவன் வெட்டாமல் விடுவான் என்று எந்த ஆபீஸும் நினைக்காது, எங்கள் ஆபீஸ் உட்பட.

"சாமி மரத்தை வெலைக்கு வாங்கிட்டியே பாப்பா, பாவமில்லையா?" என்று சித்தப்பா கிசுகிசுத்தார்.

"வெட்டத்தான் பாவம் சித்தப்பா. வெச்சிருக்கப் பாவமில்லை. குழியைத் தோண்டுங்க."

கிளைகளின் விளிம்பில், காலை வெயிலும் பிற்பகல் நிழலும் கிடைக்கும் இடத்தில் புங்கங்கன்றை வைத்தோம். சுந்தரம் தூரத்தில் நின்றார். அவருடைய பிழைப்பு இப்போது என் கையெழுத்துக்குக் கீழே இருந்தது. மறுநாள் காலை தஞ்சாவூர்க் குடும்பம் ஒன்றைக் கூட்டிக்கொண்டு வந்து, அவர்களைத் தள்ளி நிறுத்திவிட்டு என்னிடம் வந்தார்.

"அம்மா, உங்க மரத்தைக் கொஞ்சம் தானம் குடுத்துக்கலாங்களா?"

குடுக்கலாம் என்றேன். ஒரு நிபந்தனை. ஒரு சொம்பு போதாது. தானம் கொடுக்கிறவர்கள் பாதையோரத்தில் இருக்கும் குளத்துக்குப் போய், தங்கள் கையாலேயே இரண்டு குடம் தண்ணீர் கொண்டு வந்து என் புங்கங்கன்றுக்கு ஊற்ற வேண்டும். ஊற்றாவிட்டால் தானம் செல்லாது.

சுந்தரம் ஒரு கணம் யோசித்தார். மூக்குக்கண்ணாடியைப் போட்டுக்கொண்டார். பிறகு தஞ்சாவூர்க்காரர்கள் பக்கம் திரும்பி, கணீரென்ற குரலில், "பெரிய மரத்துக்குக் குடுக்கறது தானம். சின்ன மரத்துக்கு ஊத்துறதுதான் பலன். ஐதீகம்!" என்றார். ஐதீகத்துக்கு வயது அரை நிமிடம். வெள்ளி ஜரிகை வேட்டிக்காரர் ஒருவர் குடம் தூக்கி நான் அன்றுதான் பார்த்தேன். மறுவாரம் கன்றில் இரண்டு புதுத் துளிர். ஆட்டுக்காரன் ஒருவனைச் சுந்தரம் அரை மைல் துரத்தியதாகச் சித்தப்பா சொன்னார்.

அப்பாவுக்கு எழுதினேன்: கன்று வைத்தாயிற்று, தண்ணீர் ஊற்ற ஊரே வருகிறது, நிழல் மட்டும் பாக்கி, அதில் உட்காரும் ஆளை நான் தேடப் போவதில்லை, உங்கள் முழங்கால் சரியானதும் நீங்களே வந்து உட்காருங்கள்.

ஷாமியானாவுக்கு நான் கொடுத்த தொகை போதவில்லையாம். அடுத்த எண் போட்ட மரம் ஏலத்துக்கு வருகிறது என்று நேற்று சொன்னார்கள். அது ஒரு மருதமரம், பாதை வளைவில் நிற்கிறது. இன்னொன்றை வாங்க என்னிடம் காசில்லை. அதனால் இன்று விடியற்காலையிலேயே சுந்தரத்தைக் கூட்டிக்கொண்டு போய் அதில் மஞ்சள் துணி கட்டச் சொன்னேன். இரண்டு குடம் தண்ணீரும் நானே தூக்கினேன்.

"பேரு?" என்றார் சுந்தரம்.

எங்கள் தோட்டத்துக் கிராணியாரின் பெயரைச் சொன்னேன்.

"நட்சத்திரம்?"

"தெரியாது. ஆனா விறகு பத்தி ரொம்ப அக்கறை உள்ளவரு."

சுந்தரம் தேங்காயை உடைத்தார். "இந்த மரத்தை அண்ணாமலையாருக்குத் தானமாகக் கொடுத்தோம்" என்று கிராணியாருக்காக மூன்று தரமும் நானே சொன்னேன். துணியை மட்டும் அவிழ்க்க விடவில்லை.